கல்லணைக்குக் கீழே கரண்ட் எடுக்க முடியுமா? டெல்டா விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூரில் விழுகிற தண்ணீர் மின்சாரம் தருகிறது. அதே தண்ணீர்தான் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து நம் ஊர் வாய்க்கால்வரை வருகிறது. இங்கே மட்டும் ஏன் சும்மா ஓடுகிறது? ஆற்றில் தண்ணீர் வரும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். ஓடையில் சின்னச் சக்கரம் ஒன்றைப் போட்டு வீடு முழுக்க விளக்கெரிய வைக்கும் வீடியோவையும் செல்போனில் காட்டுவார்.

சுருக்கமான பதில் இது. டெல்டாவின் பெரும்பாலான வாய்க்கால்களில் அதற்குச் செலவழிப்பது வீண். சில இடங்களில் மட்டும் பொருள் உண்டு. எந்த இடம் என்பதை ஒரு டியூபும் ஒரு டேப்பும் செல்போன் கடிகாரமும் இருந்தால் அரை நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த அரை நாளைச் செலவழியுங்கள். அளப்பது, கணக்குப் போடுவது, அனுமதி, அரசின் கொள்கை, கணக்கு ஒத்துவராவிட்டால் வேறு என்ன வழி என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் இடம்

நீர் மின்சாரத்துக்கு இரண்டு பொருள் வேண்டும்: தண்ணீரின் அளவு, அது விழும் உயரம். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மேட்டூரின் முழுக்கொள்ளளவு மட்டம் 120 அடி. அணை மின்நிலையத்தில் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையத்தில் 200 மெகாவாட். அதற்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் எடுக்கிறார்கள். இதே காவிரியில் கர்நாடகத்தின் சிவசமுத்திரத்தில் 1902-லேயே மின்சாரம் எடுத்து கோலார் தங்க வயலுக்கு அனுப்பினார்கள். இவை எல்லாமே ஆறு சரிந்து இறங்கும் இடங்கள்.

டெல்டா அப்படியில்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்கூடச் சரிவு இல்லை, கிழக்கே போகப் போக அதுவும் குறைகிறது. இந்தத் தட்டையான நிலம்தான் நம்மை நெல் விளைவிக்க வைத்தது. மின்சாரத்துக்கு அதுவே தடை.

ஆகவே நீளமான வாய்க்காலைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீர் ஓர் இடத்தில் சட்டென்று இறங்குகிறதா என்பதைத்தான் தேட வேண்டும். டெல்டாவில் அப்படிப்பட்ட இடம் சட்ரஸ் (ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தேக்கித் திறந்துவிடும் மதகு), ஆறு பிரியும் தலைப்பு, தடுப்பணை, ஆற்றுப் படுகையில் தாழ்வாகக் கட்டிய படுகை அணை, இவ்வளவுதான். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் தென்பெரம்பூர், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு போன்றவை பெரிய உதாரணங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் சின்ன சட்ரஸ்கள் இருக்கும். ஒரு பட்டியல் போடுங்கள்.

கால்வாயின் வீழ்ச்சியில் மின்சாரம் எடுப்பது புதிய யோசனையும் அல்ல. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கால்வாயின் வீழ்ச்சிகளில் 1930-களிலேயே மின்நிலையம் அமைத்து, அந்த மின்சாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளை ஓட்டினார்கள். அந்தக் கால்வாய் சரிவான நிலத்தில் வெட்டியது. வேகத்தைக் குறைப்பதற்காகவே நடுநடுவே படிக்கட்டு மாதிரி வீழ்ச்சி வைத்திருந்தார்கள். நம்முடையது பழைய ஆறுகளையே வாய்க்காலாக ஆள்கிற அமைப்பு. அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்காது.

வீழ்ச்சியை அளப்பது

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைச் சட்ரஸின் மேல்பக்க நீர்மட்டத்தருகே ஒருவர் பிடிக்க, மறுமுனையைக் கீழ்ப்பக்கத்தில் இன்னொருவர் அளவுக்கோலோடு பிடிக்கட்டும். டியூபின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து இரண்டு பக்கத்து நீர்ப்பரப்புவரை அளந்து கழித்தால் வீழ்ச்சி கிடைக்கும்.

கவனம், நீர்ப்பரப்பிலிருந்து நீர்ப்பரப்புக்கு அளக்க வேண்டும். சுவரின் உயரத்தையோ ஷட்டரின் உயரத்தையோ எழுதிவிடக் கூடாது. பொருள் விற்பவர்கள் அதிகம் ஏமாற்றுவதும், நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வதும் இந்த இடத்தில்தான். எட்டடி ஷட்டர் இருக்கும், உண்மையான நீர்மட்ட வித்தியாசம் இரண்டடிதான் இருக்கும்.

தண்ணீரை அளப்பது

வாய்க்காலில் நேராக, ஒரே அகலமாக ஓடும் 50 அடி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முனையிலும் குறுக்கே கயிறு கட்டுங்கள். அகலத்தை அளந்து, நான்கைந்து இடத்தில் குச்சி விட்டு ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பாதி மூழ்கி மிதக்கிற ஏதாவது ஒன்றை, எலுமிச்சம்பழமோ வாழைத்தண்டுத் துண்டோ, நடு வாய்க்காலில் விட்டு இரண்டு கயிற்றுக்கும் இடையே எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். காற்று அடிக்காத காலை வேளை நல்லது. பல தடவை விட்டுச் சராசரி எடுங்கள்.

மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியிலும் கரையோரத்திலும் மெதுவாகவும் ஓடும். அதனால் கிடைத்த வேகத்தை 0.8-ஆல் பெருக்குங்கள். கோரையும் செடியும் மண்டிய மண் வாய்க்கால் என்றால் 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். அகலம் 10 அடி, சராசரி ஆழம் 2 அடி, ஆகவே 20 சதுர அடி. 50 அடியைக் கடக்க 25 விநாடி என்றால் விநாடிக்கு 2 அடி. 0.8-ஆல் பெருக்கினால் 1.6 அடி. 20 × 1.6 = 32 கனஅடி. அடியிலேயே அளந்ததால் விடை நேராகக் கனஅடியில் வந்துவிடும். செய்தித்தாளில் "மேட்டூரிலிருந்து இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு" என்று படிக்கிறோமே, அதே கனஅடிதான், விநாடிக்கு.

ஐம்பது வாட் கணக்கு

பாடப்புத்தகச் சூத்திரம் மீட்டரிலும் லிட்டரிலும் இருக்கும். நம் அளவுக்கு மாற்றினால் எளிது. விநாடிக்கு ஒரு கனஅடி தண்ணீர் ஓரடி விழுந்தால் அதிலுள்ள மொத்த ஆற்றல் சுமார் 85 வாட். சிறிய இயந்திரம், பெல்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் போவது போக நல்ல நிலையில் 60 சதவீதம் கைக்கு வரும். அதாவது 50 வாட். ஆகவே:

கனஅடி × அடி × 50 = வாட்.

முன்பு அளந்த 32 கனஅடி வாய்க்காலில் இரண்டடி வீழ்ச்சி கிடைத்தால் 3,200 வாட். 5 எச்.பி. மோட்டார் ஒன்றை ஓட்ட இது போதாது. அதற்குச் சுமார் 3,700 வாட் வேண்டும், அதுவும் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்ட் தனி. கொஞ்சம் பெரிய சட்ரஸில் 60 கனஅடியும் மூன்றடி வீழ்ச்சியும் இருந்தால் 9,000 வாட், அதாவது 9 கிலோவாட். இது பேசத்தக்க அளவு.

வீழ்ச்சியே இல்லாமல், ஓடும் நீரின் வேகத்தில் சுழலும் சக்கரம் என்று விற்பவை தனி ரகம். விநாடிக்கு 2 அடி வேகத்தில் ஓடும் நீரில் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள விசிறியை இறக்கினால் கிடைப்பது 35 வாட் அளவுதான். மூன்று நான்கு எல்.இ.டி. பல்பு எரியலாம். வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் நம் மண் வாய்க்கால் அந்த வேகத்தைத் தாங்காது, கரை அரித்துப்போகும். வீடியோவில் பார்ப்பது மலையோடை. அதை மறந்துவிடலாம்.

நாட்காட்டி, கணக்கு உடையும் இடம்

ஒரு நாள் அளந்துவிட்டு 365-ஆல் பெருக்குபவர்கள் உண்டு. டெல்டாவில் இது பெரும் தவறு. மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28. எல்லாம் சரியாக நடந்தாலே சுமார் 230 நாள்தான். எல்லாம் சரியாக நடப்பதும் இல்லை. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்து, அணையில் நீரில்லாமல் அக்டோபரில் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. அதில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது உங்கள் வாய்க்காலுக்கு முறை இல்லாத நாட்களைக் கழியுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர ஆகும் நாட்களையும் கழியுங்கள்.

இதைவிடச் சிக்கலானது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நிரம்பி வழியும், நிறைய மின்சாரம் வரும் என்று தோன்றும். சட்ரஸில் வேலை செய்யும் லஸ்கரிடம் கேட்டால் கதை வேறாக இருக்கும்.

"மழ நேரத்துல கீழ எவ்ளோ தண்ணி நிக்கும்ணே?"

"மேலயும் கீழயும் ஒரே மட்டமாயிடும் தம்பி. அப்ப ஷட்டர முழுசா தூக்கி விட்டுருவோம், இல்லன்னா ஊருக்குள்ள ஏறிடும்."

வடிகால் நிரம்பிக் கீழ்மட்டம் ஏறினால் வீழ்ச்சி பூஜ்யம். தண்ணீர் மிக அதிகமாக இருக்கும் நாளில் மின்சாரம் மிகக் குறைவு. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. நேபாளத்திலும் இலங்கை மலையகத்திலும் சிறு நீர்மின் நிலையங்கள் ஓடுவதற்கு அங்கே கிடைக்கும் உயர வீழ்ச்சிதான் காரணம். அடியில் ஓரடி ஏறினாலும் அவர்களுக்குக் கணக்கு மாறாது. நமக்கு இருப்பதே மூன்றடி.

அதனால் சட்ரஸில் வண்ணம் பூசிய அளவுப்பலகை மேலும் கீழும் இருந்தால், ஒரு பாசன ஆண்டு முழுக்க வாரம் ஒருமுறை இரண்டையும் குறித்துவையுங்கள். பழைய குறிப்பேடு பாசன ஆய்வாளர் அலுவலகத்தில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 9 கிலோவாட் இடம் ஒன்று ஆண்டுக்கு 100 நாள் முழு அளவில் ஓடியது என்று வைத்தால் 21,600 யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் 15 கிலோவாட் சூரியத் தகடு அதே அளவைத் தரும், மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும். ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

கொள்ளிடத்தில் கதவணைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே வீழ்ச்சி உண்டு, ஆனால் கொள்ளிடம் உபரிநீர் போகும் பாதை. வெள்ளக் காலத்தில் சில வாரம் கரைபுரளும், மற்ற நாளில் மணல். அந்தச் சில வாரத்துக்காக இயந்திரம் வாங்க முடியாது.

எந்த இயந்திரம்

மூன்றடி, நான்கடி வீழ்ச்சிக்குப் பொருந்துவது இரண்டே வகை என்பது என் கருத்து. ஒன்று திருகு இயந்திரம்: பழைய காலத்தில் தண்ணீர் ஏற்றப் பயன்பட்ட ஆர்க்கிமிடீஸ் திருகைத் தலைகீழாக ஓட்டுவது. மெதுவாகச் சுழலும், மீன் பிழைக்கும், சின்னக் குப்பை சிக்காமல் போய்விடும். இடம் அதிகம் வேண்டும். இன்னொன்று புரொப்பல்லர் வகை, கப்பல் விசிறி மாதிரி. கச்சிதமானது, ஆனால் ஆகாயத்தாமரை ஒரு கொத்து போனால் நின்றுவிடும். நம் ஆறுகளில் ஆகாயத்தாமரை எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. எதை வைத்தாலும் முன்னால் கம்பித் தடுப்பு வேண்டும், அதை நாள்தோறும் வாரிவிட ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலியைக் கணக்கில் சேர்க்காத திட்ட அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுழல்குழி டர்பைன் என்று வட்டத் தொட்டிக்குள் தண்ணீரைச் சுழலவிடும் வகை பார்க்க அழகு. திறன் குறைவு, கட்டடச் செலவு கூடுதல்.

ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும், நாம் சுவிட்சைப் போடுவோம், அணைப்போம். விளக்கை அணைத்ததும் இயந்திரம் வேகமெடுத்து மோட்டார், பல்பு எல்லாவற்றையும் கருக்கிவிடும். அதைத் தடுக்க மின்னணுச் சுமைக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை அது ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும். பொதுவாக அந்த ஹீட்டர் தண்ணீரை வீணாகச் சூடாக்கும். டெல்டாவில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் தள்ளிவைப்பார்கள், சாலையில் கொட்டிக் காயவைப்போம், மறுபடி மழை வரும். 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர சுமார் 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 9 கிலோவாட் நாள் முழுக்க ஓடினால் 216 யூனிட். அதில் பாதி வெப்பம் வீணானாலும் நாளுக்கு இரண்டரை டன் நெல்லை உலர்த்தலாம். பெரிய கொள்முதல் நிலையத்துக்கு இது போதாது. ஒரு சின்ன விவசாயிகள் குழுவுக்கு அது கவலையில்லாத ஒரு வாரம். டெல்டாவில் சிறு நீர்மின்சாரத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. சம்பா அறுவடைக்கு இது உதவாது, அப்போது ஆறு அடைத்துவிடும்.

வாய்க்கால் யாருடையது

உங்கள் வயலோரம் ஓடினாலும் வாய்க்கால் உங்களுடையது அல்ல. ஆறு, வாய்க்கால், சட்ரஸ் அனைத்தும் நீர்வளத் துறையின் பொறுப்பு. தண்ணீர் கடைமடைவரை உள்ள எல்லோருக்கும் உரியது. சட்ரஸுக்கு அருகில் ஒரு செங்கல் வைப்பதற்கும் துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

தனி ஆளாகப் போவதைவிட, 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதியில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் வழியாகப் போங்கள். இல்லையென்றால் ஊராட்சித் தீர்மானத்தோடு போங்கள். மனுவில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். பாசனத்துக்கு விடும் அளவு ஒரு சொட்டும் குறையாது, மின்சாரத்துக்காகத் தனியாகத் தண்ணீர் கேட்க மாட்டோம். மேல்மட்டம் இப்போது இருப்பதைவிட உயராது, அப்படி உயர்ந்தால் மேல்பக்க வயல் மூழ்கும், கரை உடையும். மழைக்காலத்தில் ஷட்டர் இயக்கத்துக்கு எந்த இடையூறும் இருக்காது, இயந்திரம் பக்கவாட்டுப் பாதையில் இருக்கும். மேட்டூரிலேயே பாசனத்துக்காகத் திறக்கும் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். நாமும் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

கீழ்மடைக்காரர்களிடம் முதலில் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் வேலை தொடங்கினால், தண்ணீர் குறையும் ஒவ்வொரு நாளும் உங்கள் இயந்திரத்தின் மேல்தான் பழி விழும்.

மின்சாரப் பக்கம் இதைவிட எளிது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி சிறு மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை. பாதுகாப்பு விதிகள் உண்டு, மின் ஆய்வுத் துறையின் பரிசோதனை உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைப்பதென்றால் தனி ஒப்பந்தம். கம்பியில் கரண்ட் நின்றதும் உங்கள் இயந்திரமும் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். இது சடங்கு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிர்.

கொள்கை என்ன சொல்கிறது

மத்திய அரசின் கணக்கில் 25 மெகாவாட்வரை சிறு நீர்மின் திட்டம். அதற்குள் 100 கிலோவாட்வரை நுண் திட்டம், 2 மெகாவாட்வரை மினி. தமிழ்நாடு அரசு 2024-இல் சிறு நீர்மின் திட்டங்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. 100 கிலோவாட் முதல் 10 மெகாவாட்வரை தனியாரும் அமைக்கலாம் என்பது அதன் சாரம்.

இந்த 100 கிலோவாட் என்ற கீழ் எல்லையை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1,00,000 வாட்டை 50-ஆல் வகுத்தால் 2,000. அதாவது 500 கனஅடி நான்கடி விழ வேண்டும், அல்லது 1,000 கனஅடி இரண்டடி விழ வேண்டும். பெரிய இயந்திரத்தில் திறன் கூடும் என்று கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும், இது ஆற்றுத் தலைப்புகளில் மட்டும் கிடைக்கும் அளவு. ஊர் வாய்க்காலில் கிடைக்காது. கொள்கை எழுதியவர்கள் நீலகிரியையும் மேற்கு மலையடிவாரத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டும். டெல்டாவின் 5, 10 கிலோவாட் இடங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

இன்னொரு முரண் இதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயப் பம்ப்செட்டுக்கும் மின்சாரம் இலவசம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இதன் நியாயத்தை நான் கேள்வி கேட்கவில்லை. நெல் விலை இருக்கும் நிலையில் அது இல்லாவிட்டால் பலர் நிலத்தை விட்டே போயிருப்பார்கள். ஆனால் ஒரு விவசாயி சொந்தக் காசைப் போட்டுத் தயாரிக்கும் யூனிட்டுக்கு எதிரே நிற்கும் போட்டி விலை பூஜ்யம். பூஜ்யத்தோடு எந்த இயந்திரமும் போட்டி போட முடியாது. இலவச மின்சாரத்துக்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. விவசாயி சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அரசின் செலவைக் குறைக்கிறது. அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு விவசாயிக்கும் வந்தால்தான் அவர் சேமிப்பார். கிராம சபையிலும் குறைதீர் கூட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேட்பதற்குச் சட்டத்தில் பிடியும் இருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவித்து, விநியோகம் செய்பவர் தம் பகுதியின் மொத்த மின் நுகர்வில் ஒரு குறிப்பிட்ட பங்கை அதிலிருந்து வாங்கியே தீர வேண்டும் என்று வகுக்கும் பொறுப்பை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தருகிறது. 2023 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி இந்தப் பங்கு 2029-30-இல் 43.33 சதவீதம் ஆக வேண்டும். அதில் ஒரு பகுதி 10 மெகாவாட்டுக்குக் குறைவான, பரவலாக அமைந்த நிலையங்களிலிருந்துதான் வர வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கான கதவு அது. 2024-இல் மின்வாரியத்தைப் பிரித்தபோது, 1985 முதல் இயங்கிவந்த தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமையையும் சேர்த்துப் பசுமை எரிசக்திக் கழகம் என்று தனி நிறுவனம் அமைத்தார்கள். தலைப்புகளில் 100 கிலோவாட்டுக்கு மேல் சாத்தியமா என்ற ஆய்வை நீர்வளத் துறையும் இந்தக் கழகமும் சேர்ந்து செய்ய வேண்டும். தனி விவசாயியோ தனி ஊரோ அதைச் சுமக்க முடியாது.

கணக்கு ஒத்துவரவில்லை என்றால்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். முதல் வேலை, இருக்கும் பம்ப்செட்டைச் சரிபார்ப்பது. தேய்ந்த மோட்டார், தேவைக்கு மேல் எச்.பி., குறுகிய குழாய், அடைத்த ஃபுட்வால்வு: செலவில்லாமல் மின்சாரம் மிச்சமாகும் இடங்கள் இவை. மாற்றுவதென்றால் நட்சத்திரக் குறியுள்ள மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சூரிய சக்தி பம்ப்செட். 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 60 சதவீதம்வரை மானியம் தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறையில். திட்டத்தை 2026 மார்ச்வரை நீட்டித்திருந்தார்கள். போகும்போது இப்போதைய விதி என்ன, இலவச மின் இணைப்பு வைத்திருப்பவருக்கும் காத்திருப்பவருக்கும் என்ன நிபந்தனை என்று எழுத்தில் வாங்குங்கள்.

சூரியப் பம்ப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: வெயில் அடிக்கும்வரை அது இறைத்துக்கொண்டே இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் எடுத்தால் உப்பு ஏறும், ஏறியது இறங்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆழ்துளைக்குப் போடாமல், குளம் அல்லது பண்ணைக்குட்டையிலிருந்து இறைக்கச் சின்ன எச்.பி. போடுவதே நல்லது.

2018 நவம்பர் 16 கஜா புயலையும் மறக்க வேண்டாம். தகடு தாங்கும் சட்டத்தைக் காங்கிரீட் அடித்தளத்தில் ஆழமாக இறக்கச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சாய்வைத் தட்டையாக்க முடிகிற சட்டமா என்று கேளுங்கள். கடல் காற்றில் துருப்பிடிக்காத துத்தநாகப் பூச்சும் வேண்டும்.

வீட்டுக் கூரைக்கு 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு இது தேவையில்லை. ஏ.சி. மாதிரி அதிகம் கரண்ட் இழுப்பவை உள்ள வீட்டுக்கு நல்லது.

குஜராத்தில் 2012-இல் நர்மதை கிளைக் கால்வாயின் மேலேயே 1 மெகாவாட் சூரியத் தகடு பரப்பினார்கள், நிலம் மிச்சம். நம் வாய்க்கால்களிலும் செய்யலாமே என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் தண்ணீர் வருமுன் தூர்வாரப் பொக்லைன் எந்த வழியாக இறங்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். அதேபோல் நஞ்சையைச் சூரியப் பூங்காவுக்குக் குத்தகை விடுவதையும் நான் ஏற்கவில்லை. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கேட்டுப் பெற்றது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கத்தான், ஆனால் அதன் நோக்கம் நெல் வயலைக் காப்பது. உப்பு ஏறித் தரிசான கடைமடை நிலம் இருந்தால் அங்கே போடட்டும்.

போடுவது என்று முடிவானால்

சட்ரஸ் சரியாக அமைந்து, கீழ்மடை ஒத்துக்கொண்டு, துறை அனுமதித்து, உலர்த்தி மாதிரி ஒரு பயனும் உறுதியானால், ஆண்டு வேலை இப்படி இருக்கும். வைகாசியில் தூர்வாரும் வண்டி வருவதற்குள் கம்பித் தடுப்பைக் கழற்றிக் கரையில் வையுங்கள், இயந்திரம் இருக்கும் பக்கவாட்டுப் பாதையில் கொடி நட்டு அடையாளம் வையுங்கள், வண்டிக்காரர் தெரியாமல் இடித்துவிடுவார். தண்ணீர் திறந்த முதல் வாரம் குப்பை மொத்தமாக அடித்துவரும். அந்த வாரம் இயந்திரத்தை ஓட்டாமல், பாதையை மூடியே வையுங்கள். பிறகு காலையும் மாலையும் தடுப்பை வாருவது, வாரம் ஒருமுறை பெல்ட்டின் இறுக்கம், மாதம் ஒருமுறை பேரிங்குக்கு கிரீஸ். கனமழை எச்சரிக்கை வந்ததும் பாதையை மூடிவிட்டு ஜெனரேட்டரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மேடைக்குத் தூக்குங்கள். அதற்காக, தொடக்கத்திலேயே இரண்டு ஆள் தூக்கும் எடைக்கு மேல் வாங்க வேண்டாம். மேடையின் உயரத்தை ஊரில் வயதானவர்கள் நினைவில் இருக்கும் பெருவெள்ள மட்டத்துக்கு மேலே வையுங்கள். ஜனவரி 28-க்குப் பிறகு வாய்க்கால் வற்றியதும் அடிப்பேரிங்கைக் கழற்றி மண்ணை எடுத்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். அடுத்த திறப்புக்கு முன் உதிரிப்பாகம் தேடினால் கிடைக்காது.

யூனிட் மீட்டரை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்திலேயே மேல்மட்டம், கீழ்மட்டம், நெல் எத்தனை மூட்டை உலர்ந்தது என்பதையும். அடுத்த சட்ரஸுக்கு அனுமதி கேட்டுப் போகும் ஊருக்கு அந்த நோட்டின் நகலைக் கொடுங்கள். ஒரு நகலை நீர்வளத் துறைச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.